தண்ணீருக்கு அவசரம் ஆகாது

எங்கள் ஹட்டன் பக்கத்துப் பீலித் தண்ணீரில் சவர்க்காரத்தைச் சும்மா தொட்டாலே நுரை பொங்கும். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரில் அப்படிப் பொங்காது. கேத்தலின் உள்ளே வெள்ளையாகப் படிவும் கட்டும். அது சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறி வரும் வன்னீர். நம் மலையோ எளிதில் கரையாத பழம்பாறை. அதில் வழியும் மழை கல்சியத்தையும் மக்னீசியத்தையும் அதிகம் அள்ளி வராது. நம்முடையது மென்னீர்.

பக்கத்து லயத்துத் தம்பி ஒருவன் ஒருமுறை கொழும்புக்குப் போய்க் கண்ணாடித் தொட்டியும் மொலி மீன்களும் வாங்கி வந்தான். குளிருக்கு ஹீட்டரும் வைத்தான். சில மாதங்களில் மீன்கள் செட்டையை ஒடுக்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நடுங்கின. சோதித்தால் பி.எச். 6. யாரோ சொன்னார்கள் என்று அப்பச்சோடாவை அள்ளிப் போட்டான். ஒரே இரவில் பி.எச். 8-ஐ நெருங்கிவிட்டது. விடியும்போது பாதி மீன்கள் செத்து மிதந்தன.

"பி.எச்சைச் சரியாக்கினேனே தாத்தா, பிறகு ஏன் செத்துச்சு?" என்று கண் கலங்கிக் கேட்டான்.

பிள்ளையைத் திட்ட மனம் வரவில்லை. பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னேன். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவைப் பற்றீரியாக்கள் மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. வன்னீரில் இருக்கும் காபனேற்று அதைத் தாங்கிக்கொள்ளும். மென்னீரில் அந்தச் சேமிப்பு குறைவு. அது தீர்ந்ததும் பி.எச். இறங்கும். அமில நீரில் அந்தப் பற்றீரியாக்களும் சோர்ந்துபோகும், கழிவு தேங்கும். ஆனால் அங்கே அது பெரும்பாலும் தீங்கு குறைந்த அமோனியமாகவே கிடக்கும். பி.எச். சட்டென்று ஏறினால் அதுவே நச்சு அமோனியாவாக மாறிச் செவுளை எரிக்கும். பி.எச். அளவுகோலில் ஒரு படி என்பது பத்து மடங்கு. 6-இலிருந்து 8 என்றால் நூறு மடங்கு. அப்பச்சோடா பி.எச்சை ஏற்றுமே தவிர, மொலிக்கு வேண்டிய கல்சியத்தைத் தராது.

அடுத்த லீவில், யாழ்ப்பாணத்தில் படிப்பிக்கும் அவன் அக்கா ஒரு பை நிறையச் சிப்பி ஓடு கொண்டுவந்து கொடுத்தாள். கழுவி, நொறுக்கி, துணிப்பையில் கட்டி வடிகட்டியில் வைத்தான். நீர் அமிலமாகும்போதெல்லாம் ஓடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். வாரம்தோறும் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மாற்றினான். எஞ்சிய மொலிகள் மெல்லத் தேறின.

தோட்டத்து ஆட்களுக்கு இந்த நிதானம் புதிதல்ல. தேயிலைக்கு மண்ணின் பி.எச். 4.5 முதல் 5.5 வரை இருந்தால் நல்லது. அதற்குக் கீழே போனால் கவ்வாத்தை ஒட்டி டொலமைட் தூவுவார்கள். தூவியதும் பலனை எதிர்பார்க்க மாட்டார்கள். மண் தேற மாதக்கணக்காகும் என்று தெரியும்.

சில வருஷம் கழித்து அவன் வேறொரு தொட்டி வைத்தான். இந்த முறை செர்ரி பார்ப். 1929-இல் விலங்கியலாளர் தெரணியகல பெயரிட்ட, நம் நாட்டின் ஈரவலய ஓடைகளுக்கே உரிய சின்ன மீன். மென்னீரும் இலேசான அமிலமும் அதற்குப் பிறந்த வீடு. ஹீட்டரைத் தவிர வேறு சிரமம் அதிகம் இல்லை.

வயது ஏற ஏற எனக்கு இதில் நம்பிக்கை கூடுகிறது. இருக்கும் தண்ணீரை முதலில் அறிய வேண்டும். அதற்கு ஒத்துப்போகும் உயிரைத் தேட வேண்டும். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், அந்த உயிர் தாங்கும் வேகத்தில் மாற்ற வேண்டும். பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.