சக்கரங்களின் மேல் ஒரு காம்பிரா

வீடு நிலத்தில் ஊன்றி நிற்பது. வண்டி நிலத்தின்மேல் ஓடிச் செல்வது. இவ்விரண்டையும் ஒன்றாக்கிச் சக்கரங்களின் மேல் குடியிருப்பு அமைத்துக்கொள்ளும் வழக்கம் மேல்நாடுகளில் நெடுங்காலமாக உண்டு. ஜேர்மனியில் 1950ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கிய வொக்ஸ்வாகன் வான்களுக்குள் படுக்கையும் அடுப்பும் பொருத்தப்பட்ட காலந்தொட்டு, ஓய்வுபெற்றோரும் இளைஞரும் அத்தகைய வண்டிகளைத் தேடி வாங்கி ஊர் சுற்றி வந்துள்ளனர். புதியது வாங்க வசதியற்றோர் பாவித்ததை வாங்கினர். அவர்களுட் பலருக்கு நிலத்தில் ஏற்கெனவே ஒரு வீடு இருந்தது. சக்கர வீடு விடுமுறைக்கு உரியது. நிலத்தில் தனக்கென ஒரு சாண் இடமும் இல்லாத ஒருவர் அத்தகைய வண்டியைத் தேடப் புறப்பட்டால், அத்தேடலின் பொருளே வேறாகிவிடுகின்றது. 2024ஆம் ஆண்டின் முற்பகுதியில் எட்டியாந்தோட்டைக்கு மேலேயுள்ள இறப்பர்த் தோட்டமொன்றிலிருந்து புறப்பட்ட தேடல் அத்தகையதே.

புறப்பட்டவர் அத்தோட்டத்தில் 34 ஆண்டுகள் பால் வெட்டி ஓய்வுபெற்றவர். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், நாட்சம்பளம் பெறும் தொழிலாளிக்குச் சேவையாண்டு ஒன்றுக்கு 14 நாட் சம்பளம் என வகுத்துள்ளது. அதன்படி ஓர் ஆயுள் உழைப்புக்குக் கிடைத்தது 476 நாட் சம்பளம். அதனோடு ஊழியர் சேமலாப நிதியும் வந்தது. மகன் அவிசாவளையில் ஓட்டிவந்த முச்சக்கர வண்டியை விற்றால் மேலும் கொஞ்சம் சேரும். குடியிருப்போ வெள்ளைக்காரர் காலத்து லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிரா. 1975இல் காணி அரசுடைமையாயிற்று. 1992இல் முகாமை கம்பனிகளின் கைக்கு மாறிற்று. அக்காம்பிராவில் மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்தும், அதனை ஈடுவைக்கவோ விற்கவோ அக்குடும்பத்தில் எவருக்கும் உரிமை பிறக்கவில்லை. மனைவியின் பெயர் இன்னும் செக்ரோலில் இருப்பதனால் குடியிருப்புக்கு இடையூறில்லை என்ற அளவே அவர்களுடைய பாதுகாப்பு.

பழைய வான் ஒன்றை வாங்குவதே அவர்களது எண்ணம். பாடசாலை நாட்களில் மகன் அதில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவான். மார்கழி முதல் வைகாசி வரையான சிவனொளிபாதமலைப் பருவத்திலும், ஆடியில் கதிர்காமத் திருவிழாவின்போதும் யாத்திரிகரை ஏற்றிச் செல்லலாம். யாத்திரிகர் மடங்களில் தங்குவர். வண்டிக்காரருக்கு வண்டியே மடம். ஆகவே பின்னிருக்கைகளை மடித்தால் பலகைப் படுக்கை விரியவேண்டும். ஓர் அடுப்பும் தண்ணீர்க் கலனும் வைக்க இடம் வேண்டும். யாத்திரை இல்லாத வேளையில், இத்தீவின் பெரும்பகுதியைக் கண்டிராத கணவனும் மனைவியும் அதிலேயே உறங்கி, அதிலேயே சமைத்து, முன்னேஸ்வரம் வரையேனும் போய்வரலாம். விலையைக் கேட்குமுன் மனைவி ஒவ்வொரு வானின் உட்தளத்தையும் சாணால் அளந்தார். “நம்ம காம்பிராவுக்கு ரொம்பக் கொறச்சல் இல்லீங்க” என்பதே அவருடைய மதிப்பீடு.

காலம் வாங்குவோருக்குச் சாதகமாக இருக்கவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி அப்போதும் திறக்கப்படவில்லை. தனியார் வாகனங்களுக்கு அது 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறந்தது. 2022இன் நெருக்கடியில் நாணயம் வீழ்ந்தது. முப்பது ஆண்டு ஓடிய இரும்பு புதியதாய் இருந்தபோது பெற்றதைவிடப் பன்மடங்கு விலை பெற்றது. லீசிங் கம்பனிகளோ நிலையான வருமானத்துக்கு அத்தாட்சி கேட்டன. எனவே கையிலுள்ள பணத்துக்குள் அடங்கும் வண்டியையே தேடவேண்டியதாயிற்று. அப்பணம் ஒருமுறை மாத்திரமே வருவது, பிழைத்தால் மீளாது.

முதல் வான் இரத்தினபுரியில் இருந்தது. சந்தையில் ‘டொல்பின்’ என வழங்கும் ஹையேஸ். புதிய இருக்கையுறை, பளபளக்கும் வர்ணம், எதிர்பார்த்ததிலும் குறைந்த விலை. உடன் சென்ற கராஜ் பாஸ் இயந்திரத்தைப் பார்க்குமுன் ஆசனப்பட்டியை அதன் கடைசி வரை இழுத்துப் பார்த்தார். பட்டியின் அடிமுனையில் பழுப்பு நிற வண்டல் காய்ந்து ஒட்டியிருந்தது. களுகங்கை பெருகும்போது இரத்தினபுரி நகர் நீரில் ஆழ்வதுண்டு. 2003ஆம், 2017ஆம் ஆண்டுகளின் மே மாத வெள்ளங்கள் அவ்வூரார் மறவாதவை. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் இருக்கையை மாற்றலாம், வர்ணம் பூசலாம்; மின்கம்பிகளுக்குள்ளும் அடிச்சட்டத்தின் குழிகளுக்குள்ளும் புகுந்த சேறு இருந்து அரிக்கும். மனைவி அளவெடுத்த கையை எடுத்துக்கொண்டார். விற்பவரோடு யாரும் வாதிடவில்லை.

இரண்டாவது வான் அவிசாவளையில் கிடைத்தது. பாஸ் காந்தத்தை உடலெங்கும் வைத்துப் பார்த்தார். பட்டி பூசி மறைத்த இடம் அதிகமில்லை. காலைக் குளிரில் முதல் உதைப்பிலேயே இயந்திரம் பிடித்தது; புகை கறுக்கவில்லை. விலையும் கைக்கெட்டியது. குறையொன்று மட்டுமே: அது ‘ஓப்பன் பேப்பர்’ வண்டி. பதிவுச் சான்றிதழில் உள்ள உரிமையாளர் உரிமைமாற்றப் படிவத்தில் ஒப்பமிட்டு, வாங்குபவரின் பெயர் எழுதவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டுக் கொடுத்துவிட்டார். அதன்பின் வண்டி பெயர் மாறாமலே இருவரிடம் கைமாறியிருந்தது. இவ்வாறு வாங்கினால் மாற்றுக் கட்டணமும் அலைச்சலும் மிச்சம். ஆனால் விபத்தொன்று நேர்ந்தால், காப்புறுதி கேட்கப் போனால், பழைய உரிமையாளர் இறந்தால், ஓட்டுபவர் அந்நியராகிவிடுவார்.

“பேர்ல என்னண்ணே இருக்கு? வண்டி ஓடுனாச் சரிதானே!” என்றார் தரகர். மகனுக்கும் அதுவே சரியெனப் பட்டது. நல்ல இயந்திரத்தை ஒரு கடதாசிக்காக விடுவது மடமையென்று அவன் தந்தையிடம் வாதாடினான்.

தந்தையின் மறுமொழி சுருக்கமானது: “எங்கப்பா பேரில்லாமத்தான் இந்த நாட்டுல இருந்து செத்தாரு. எனக்கு அந்த வண்டி வேணாம்.”

அம்மறுமொழியின் பின்னே ஒரு சமூகத்தின் வரலாறு உண்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அவர் பிறந்த 1964ஆம் ஆண்டிலேயே இரு நாட்டுப் பிரதமர்கள் உடன்படிக்கை செய்து, 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என வகுத்து, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்ப்போமென ஒத்திவைத்தனர். 1974இல் அவர்களும் பாதிக்குப் பாதியாகப் பங்கிடப்பட்டனர். ஆயினும் விண்ணப்பங்களும் கப்பல்களும் நின்றபின் பட்டியல்களுக்கு வெளியே பலர் எஞ்சினர். அவருடைய தந்தை அவ்வாறு எஞ்சியவர். அவரோ 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், தமது முப்பத்தொன்பதாம் வயதில் இந்நாட்டின் பிரசையானார். வெற்றிடம் விட்ட படிவமொன்று மகனுக்குச் சிறு வசதியாகத் தோன்றிற்று. தந்தைக்கோ அது பழகிய அச்சத்தை நினைவூட்டிற்று.

மூன்றாவது வான் கேகாலையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடையது. டொல்பினுக்கு முந்திய ‘ஷெல்’ வகை, வர்ணம் மங்கியது, ஏற்றத்தில் மூச்சு வாங்கியது, கதவொன்று தூக்கிச் சாத்தினால் மாத்திரமே பூட்டிற்று. அவிசாவளை வண்டியிலும் அதிக விலை சொல்லப்பட்டது. பாஸ் திருத்தவேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் சொல்ல, ஆசிரியர் எதையும் மறுக்காது, தமக்குத் தெரிந்த மேலும் இரண்டையும் சொன்னார். பதிவுச் சான்றிதழ் அவர் பெயரில் இருந்தது. கடன் எதுவும் பதியப்பட்டிருக்கவில்லை. அடிச்சட்ட இலக்கமும் இயந்திர இலக்கமும் அதனோடு பொருந்தின. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு உடன் வந்து ஒப்பமிடவும் இசைந்தார். மகன் ஒருநாள் முழுவதும் பேசவில்லை. முச்சக்கர வண்டியை விற்ற பணம் அவனுடையதாகையால் அம்மௌனத்தில் நியாயம் இருந்தது.

அவ்வச்சம் முற்றாகப் பொய்க்கவுமில்லை. வாங்கிய மூன்றாம் மாதமே கியர்ப்பெட்டி பழுதாகி, பாடசாலை ஓட்டம் இரு வாரம் நின்றது. எனினும், உரிமைமாற்றம் முடிந்து பதிவுச் சான்றிதழ் வந்த நாளில் மகனின் மனம் ஓரளவு மாறிற்று எனலாம். லயத்துக்குத் தனி முகவரி இல்லாமையால் அக்கடிதமும் தோட்டக் காரியாலயத்தின் வழியாகவே வந்தது. தந்தை அதனை மடிக்க விடவில்லை. அக்குடும்பத்தில் பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் எல்லோருக்கும் உண்டு. அவை அவர்கள் யாரென்பதைச் சொல்லுபவை. இன்ன பொருள் இவருடையது என்று சொல்லும் அரச பத்திரம் அதுவே முதலாவது.

2015க்குப் பின்னர் தோட்டங்கள் சிலவற்றில் ஏழு பேர்ச் காணியோடு தனிவீடுகள் எழுந்துள்ளன. அவர்களது லயத்துக்கு அவ்வாய்ப்பு வரவில்லை. பழைய வான் நாளுக்கு நாள் தேயும். நிலத்துக்கு அது ஒருபோதும் ஈடாகாது. இதனைத் தந்தையும் அறிவார். அவ்வாண்டு மார்கழிப் போயா தினத்தன்று பலாபத்தலை அடிவாரத்தில் யாத்திரிகரை இறக்கிவிட்டு, இருக்கைகளை மடித்துப் பலகையை விரித்து, கணவனும் மனைவியும் அவ்வண்டிக்குள் படுத்தனர். கதவை உள்ளிருந்து தூக்கிச் சாத்தியவர் மனைவி. காம்பிராவைவிடச் சிறிது குளிர் அதிகம் என்றார். வேறு குறை சொல்லவில்லை.