வெளிறிய முருகைகள்

1998ஆம் ஆண்டு ஹிக்கடுவைக் கடலில் வெளிறிக் கிடந்த முருகைக்கற்களைப் பார்த்துச் செய்தி எழுதியவன் நான். கடல்நீர் சூடேறியமையே காரணம் என்று அன்று எழுதினேன்.

பல்லாண்டுகளின் பின்னர், ரொறன்ரோவில் மகன் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் அதே வெண்மையைக் கண்டேன். இம்முறை காரணம் நானே. கூடிய வெளிச்சம் நல்லது என எண்ணி, புதிய எல்.இ.டி. விளக்கை முதல் நாளே முழு வலுவில் எரியவிட்டிருந்தேன்.

முருகையின் தசைக்குள் வாழும் நுண்பாசிகளே ஒளியைக் கொண்டு அதற்கு உணவு ஆக்குகின்றன. வெப்பம் மிஞ்சினாலும் ஒளி மிஞ்சினாலும் முருகை அவற்றை இழந்துவிடும், பின்னர் பட்டினிதான். மென்முருகைகளுக்கு நீலம் மிகுந்த மிதமான ஒளி போதும். அதனையும் குறைவாகத் தொடங்கி, வாரக்கணக்கில் கூட்டவேண்டும்.

ஒளியைத் தணித்தோம். இரண்டில் ஒன்றுதான் பிழைத்தது.

விளக்கு வாங்கச் செல்வோரே, அதன் வலுவை விசாரிக்குமுன் ஒளியைக் குறைக்கும் வசதி உண்டா எனக் கேளுங்கள்.