பாடம் செய்த சிலந்தி

தமிழாசிரியர்க்குப் 'பாடம்' என்றால் ஏட்டுச்சுவடியின் பாடம். விலங்கியலார்க்கோ உயிரின் உடலைக் கெடாமல் காத்தல். 70 விழுக்காட்டு எரிசாராயத்தில் பாடம் செய்த பச்சைச் சிலந்தி ஒன்றை அண்மைப் படம் எடுக்க விலங்கியல் துறை நண்பர்க்கு யாம் துணைநின்றோம்.

வெளியே எடுத்தால் ஈர உடல் ஒளியைத் தெறிக்கும். உலர்ந்தாலோ வயிறு சுருங்கும். ஆகவே, மூழ்கியவாறே படமெடுத்தல் வேண்டும். அதுவும் அதே செறிவுள்ள புதிய எரிசாராயத்தில். செறிவு மாறினால் நீர்மங்கள் கலக்குமிடத்தில் கானல்போல் நெளிவு தோன்றி உருவம் மங்கிவிடும். தட்டில் கழுவிய மணல் பரப்பி, வேண்டிய கோணத்தில் சிலந்தியைச் சாய்த்தார் நண்பர். தூசியும் காற்றுக் குமிழ்களும் மெல்லிய தூரிகையால் நீக்கப்பட்டன. சூடேறும் விளக்கு அருகில் ஆகாது, ஆவி தீப்பற்றும். வெவ்வேறு ஆழங்களில் குவித்தெடுத்த படங்களைக் கணிப்பொறி ஒன்றாக்கியது.

ஆயின், பச்சை நிறம் எரிசாராயத்தில் என்றோ போய்விட்டிருந்தது. "கணிப்பொறியிலேயே பச்சை தீட்டிவிடலாமே, ஐயா" என்றார் மாணவர் ஒருவர். யாம் உடன்படவில்லை. செல்லரித்த ஏட்டில் இல்லாத சொல்லை இட்டு நிரப்பி, அதுவே மூலபாடம் எனப் பதிப்பிப்பதற்கும் இதற்கும் வேறுபாடு யாது?

படம் வெளிறியவாறே அச்சேறியது. பிடித்த இடமும் நாளும் குறித்த சீட்டு, சிலந்தியோடு மீண்டும் குப்பிக்குள் சென்றது.