எங்கள் வீட்டுப் பின்புறத்தில் ஒரு மீட்டர் கேஜ்



போன வாரம் ஒரு நிமிட வீடியோ போட்டிருந்தேன். கறிவேப்பிலைச் செடிக்குப் பின்னாலிருந்து ஒரு குட்டி ரயில் வந்து செம்பருத்தியைச் சுற்றிப் போகும். அதற்கு வந்த கேள்விகள் இன்னும் நிற்கவில்லை. "டீச்சர், இது நிஜமாவே உங்க வீடா?" என்று கேட்கிறான் 1994-ல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். "பேரனுக்கா பெரியம்மா?" என்கிறாள் மதுரையிலிருந்து தங்கை மகள். "அந்த இடத்துல நாலு தென்னை வச்சிருக்கலாம்" என்று சித்தப்பா மகன் போன் போட்டே சொல்லிவிட்டார். தனித்தனியாகப் பதில் எழுதக் கை வலிக்கிறது. எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் உட்கார்ந்த மாதிரி பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ரயில் வந்த கதை. என்னிடம் படித்து இப்போது ஜெர்மனியில் வேலை பார்க்கும் ஒருவன் இரண்டு வருடங்களுக்கு முன் விடுமுறையில் வந்தபோது ஒரு பெரிய பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். அந்த நாட்டில் தோட்டத்தில் ரயில் ஓட்டுவது பெரியவர்களுக்கும் ஒரு பொழுதுபோக்காம். நியூரம்பர்க் நகரத்து லேமன் என்ற பொம்மைக் கம்பெனி 1968-ல் இந்த வகையைக் கொண்டுவந்தது. வெயிலிலும் மழையிலும் வெளியே கிடக்கலாம், தண்டவாளம் பித்தளை. "என் பிள்ளைங்க வளர்ந்துட்டாங்க டீச்சர், பரண்ல சும்மா கிடக்கு. இங்க உள்ள பிள்ளைகளுக்குக் காட்டுங்க" என்றான்.

திண்ணையில் பிரித்து வைத்துக்கொண்டு ஸ்கேலால் அளந்தேன். பழக்கம் விடுமா? தண்டவாளங்களுக்கு இடையே 45 மில்லிமீட்டர். பெட்டியில் 1:22.5 என்று போட்டிருந்தது. நிஜத்தில் 22.5 பங்கு இருப்பது இங்கே ஒரு பங்கு. நீங்களும் பெருக்கிப் பாருங்கள். 1012.5 மில்லிமீட்டர். ஏறக்குறைய ஒரு மீட்டர். "அட, இது மீட்டர் கேஜ்!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். உள்ளே கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த பெரிய அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

செங்கோட்டைக்காரர்களுக்கு அண்ணனைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரயில்வேயில் கேங்மேனாகச் சேர்ந்து கீமேனாக ஓய்வு பெற்றவர். செங்கோட்டையிலிருந்து பகவதிபுரம் பக்கம் போகிற லைனில் தினமும் ஆறு கிலோமீட்டர் அவருக்கு நடை. தோளில் சுத்தியலும் ஸ்பேனரும், கூடவே சிவப்பு, பச்சைக் கொடிகள். தண்டவாளத்தைக் கட்டையோடு இறுக்கிப் பிடிக்கும் ஆப்புக்கு 'கீ' என்று பெயர். வண்டி ஓட ஓட அது தளரும். தளர்ந்ததைப் பார்த்துத் தட்டி ஏற்றுவது கீமேன் வேலை. சாரல், தீபாவளி, பொங்கல் எதுவும் கணக்கில்லை. 1904-ல் வண்டி ஓட ஆரம்பித்த மலைப்பாதை அது. ஆரியங்காவு தாண்டி, பதின்மூன்று கண் பாலம் ஏறி, புனலூர் வழியாகக் கொல்லம் போகும். அகலப்பாதை ஆக்குவதற்காக 2010-ல் மூடினார்கள். அண்ணன் ஓய்வு பெற்றதும் அதே வருடம்தான். 2018-ல் அகலப்பாதையில் வண்டி விட்டபோது ஊரே போய்ப் பார்த்தது. அண்ணன் போகவில்லை. "அது வேற லைனு" என்று ஒரே பேச்சு.

மூன்று வருடங்களுக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் பாதிப்பு. அண்ணி போன பிறகு எங்களோடுதான் இருக்கிறார். தினமும் நடந்தால்தான் கால் திரும்பும் என்று டாக்டரும் சொன்னார், பயிற்சி கொடுக்க வந்த பெண்ணும் சொன்னாள். வாக்கர் சுவரோரம் அப்படியே நின்றது. கெஞ்சினால், "நடந்து எங்க போகணும்?" என்பார். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொன்னவள் நான். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அன்றைக்குத் திரும்பிப் பார்த்தவர், "எந்த இடத்துல போடப் போற?" என்று கேட்டார். பின்புறம் என்றேன். "முதல்ல தண்ணி எங்க போகும்னு பாரு பிள்ளே. பிறகு லைன் எங்க போகும்னு நான் சொல்லுதேன்."

மறுநாள் மாமரத்தடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். கொத்தனாருக்கு அவர்தான் மேஸ்திரி. முக்கால் அடி அகலம், அரை அடி ஆழத்தில் வாய்க்கால் மாதிரி வெட்டி, அடியில் செங்கல் துண்டு, மேலே கால் இஞ்ச் சிப்ஸ் ஜல்லி. டியூப் லெவல் வைத்து மட்டம். கிணற்றடித் தண்ணீர் குறுக்கே போகிற இடத்தில் பி.வி.சி. குழாய் பதித்து ஒரு சின்னப் பாலம். அதற்கு மேல் பதின்மூன்று கண் வைக்க இடம் ஏது? மூன்று கண் வைத்துக் கொத்தனார் அழகாகப் பூசிக் கொடுத்தார்.

தண்டவாளத்தை சிமெண்டில் புதைக்கக் கூடாது, ஜல்லியில் சும்மா உட்கார வேண்டும் என்பது அண்ணனின் உத்தரவு. காரணம் வெயில். இதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு மீட்டர் பித்தளை, ஒரு டிகிரி சூடு ஏறினால் 0.019 மில்லிமீட்டர் நீளும். எங்கள் பாதை முழுச்சுற்று 16 மீட்டர். விடியற்காலைக்கும் உச்சி வெயிலுக்கும் தண்டவாளத்தின் சூட்டில் 40 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 12 மில்லிமீட்டர் நீளுகிறது. நீளுவதற்கு இடம் விடாவிட்டால் பாதை நெளிந்துவிடும். நிஜ ரயிலுக்கும் இதே சங்கதிதான். அதனால் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி, ஒவ்வொரு மூட்டிலும் செருகிப் பொருத்தி, பிறகு உருவி எடுத்தோம். அந்த அளவு இடைவெளி போதும். வளைவில் வெளிப்பக்கத் தண்டவாளத்தை ஒரு நூல் உயர்த்தவும் சொன்னார். இந்த வேகத்துக்கு அது தேவையில்லை என்று ஜெர்மனிக்காரன் வீடியோ காலில் சொன்னான். "அவன வந்து லைன்ல நடக்கச் சொல்லு" என்றார் அண்ணன். உயர்த்தினோம்.

மின்சாரம் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: 230 வோல்ட் வராந்தாவில் உள்ள டிரான்ஸ்பார்மரோடு நின்றுவிடும். அதிலிருந்து குறைந்த வோல்ட் கரண்டுதான் தண்டவாளத்துக்குப் போகிறது. தூரத்து வளைவில் வண்டி தளர்ந்ததால் வீட்டுக்காரர் அங்கே இன்னொரு ஜோடி வயர் இழுத்துக் கொடுத்தார். பெட்டிகளுக்கு நான் செங்காவி நிறம் அடித்தேன். அந்தக் காலத்து மீட்டர் கேஜ் பெட்டிகள் அந்த நிறம்தானே.

ஓட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, லைன் போடுவது பெரிய வேலையே இல்லை. தினமும் பார்ப்பதுதான் வேலை. ராத்திரி வேப்பம்பூ கொட்டிக் கிடக்கும். எறும்பு ஜல்லிக்கு அடியில் மண் தள்ளும். அணில் மாங்கொட்டையைக் கொண்டுவந்து போடும். சாரல் விழுந்தால் பித்தளை கறுத்து, கரண்டு ஏறாது, துடைக்க வேண்டும். ஒரு நாள் விட்டால் மறுநாள் வண்டி நின்றுவிடும்.

இரண்டாம் நாள் காலையில் அண்ணன் வாக்கரைக் கேட்டார்.

தென்னை வைக்கச் சொன்ன தம்பிக்கு இப்போது கணக்குச் சொல்லிவிடுகிறேன். ரயில் எனக்குச் சும்மா வந்தது. கூடுதல் தண்டவாளத்தைப் பழைய விலைக்கு வாங்கி, இரண்டு தடவையாகப் பெட்டியில் வைத்து அந்தப் பையனே கொண்டுவந்து கொடுத்தான். செலவு எதற்கு ஆனது தெரியுமா? பாதையைச் சுற்றி, வாக்கர் உருளுவதற்காக மூன்றடி அகலத்தில் போட்ட சிமெண்டுத் தளத்துக்கு. என் பென்ஷனில் போட்டது. தென்னை எனக்கு இளநீர் கொடுத்திருக்கும், உண்மைதான். ஆனால் அண்ணனை எழுந்து வா என்று கூப்பிட்டிருக்காது.

முதல் நாள் ஒரு சுற்றுக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. பாதியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். இப்போது காலையில் மூன்று சுற்று. இடது கையில் ஒரு குச்சி, நுனியில் பிரஷ். இலையைத் தள்ளுவார், மூட்டைத் தட்டிப் பார்ப்பார். நான் பின்னால் நடக்கிறேன், ஆனால் பிடிப்பதில்லை. வலது கை இன்னும் சரியாக வரவில்லை. வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பேச்சும் சில நாள் குழறும். அதையெல்லாம் மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

சாயங்காலம் 5 மணிக்கு வண்டி. தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வந்துவிடுவார்கள். அண்ணன் ஒரு சுற்று வந்து, டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்த பழைய பச்சைக் கொடியைக் காட்டினால்தான் சுவிட்சைத் தொடுவேன். போன மாதம் ஒரு நாள் சிவப்பைக் காட்டிவிட்டார். வளைவுக்கு அடியில் எறும்பு மண் ஏறித் தண்டவாளம் சாய்ந்திருந்தது. எங்கள் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. பிள்ளைகள் முகம் வாடிப்போனது. "ஒரு நாள் வண்டி லேட்டானா ஒண்ணும் ஆகாதுலே, கவுந்தாத்தான் ஆகும்" என்றார். ஜல்லியை அள்ளி, மட்டம் பார்த்து, ஆறேகால் மணிக்கு வண்டி கிளம்பியது.

ஓய்வு பெற்ற மாணவர்கள்கூட எனக்கு உண்டு. வீட்டில் வயதான அப்பா அம்மாவை வைத்திருக்கிறவர்கள் நிறையப் பேர். உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். "சும்மா இருங்க, ரெஸ்ட் எடுங்க" என்று நாம் அன்பாகத்தான் சொல்கிறோம். அவர்கள் இல்லாவிட்டால் நின்றுபோகிற மாதிரி ஒரு சின்ன வேலையாவது வீட்டில் அவர்களுக்கு இருக்கட்டும். ரயில்தான் வேண்டும் என்றில்லை. பூச்செடிக்குத் தண்ணீர், பேத்திக்கு வாய்ப்பாடு, எதுவானாலும் சரி. ஆனால் அது உண்மையான வேலையாக இருக்க வேண்டும். பொய் வேலையைப் பெரியவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கடைசியாக ஒரு செய்தி. நேற்று காலை மூன்றாவது சுற்று முடிந்ததும் அண்ணன் கேட்டார், "அந்தப் பதிமூணு கண் பாலத்தை அப்படியேதான வச்சிருக்கான்?" பலப்படுத்தி அதே பாலத்தின் மேல்தான் வண்டி போகிறது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "புனலூர் வரைக்கும் ஒரு டிக்கெட் எடு" என்றார்.

நானும் வீட்டுக்காரரும் கூடப் போகிறோம். வாக்கரோடு அவரை வண்டியில் ஏற்றி இறக்க இரண்டு இளவட்டங்கள் தேவை. செங்கோட்டை, தென்காசி பக்கம் இருக்கிற என் மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமை யாருக்கு வசதி என்று கீழே எழுதுங்கள். மற்றவர்கள் ஊருக்கு வரும்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். வண்டி 5 மணிக்கு. பச்சைக் கொடி விழும்வரை பொறுமையாக நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்