ஈடு கேட்காத பணம்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் எங்கள் புசல்லாவையைத் தாண்டிப் போனவர்கள் ரொத்சைல்ட் தோட்டம் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். ஐரோப்பாவின் மிகப் பெரிய வங்கிக் குடும்பத்தின் பெயர் இந்த மலைக்கு எப்படி வந்தது என்று தரம் ஏழில் ஒரு பிள்ளை என்னைக் கேட்டாள். பாடப்புத்தகத்தில் அதற்கு விடை இல்லை.

மொரிஸ், கேப்ரியல் என்ற வோம்ஸ் சகோதரர்கள் மேயர் அம்ஷெல் ரொத்சைல்டின் மகள் வயிற்றுப் பேரர்கள். 1841இல் இங்கே காடு வாங்கிக் கோப்பி பயிரிட்டார்கள். தாய்வழி உறவின் பெயரைத் தோட்டத்துக்கு வைத்தார்கள். சீனாவிலிருந்து தேயிலையும் கொண்டுவந்து நட்டுப் பார்த்தார்கள். அது வியாபாரமாகக் கைகூடவில்லை. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்டதைத்தான் இலங்கைத் தேயிலையின் தொடக்கம் என்று பிள்ளைகள் பரீட்சையில் எழுதுகிறார்கள். ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்கு முன்னரே புசல்லாவை மண்ணில் அது முளைத்துவிட்டதென்று நான் வகுப்பில் சற்றுப் பெருமையோடு சொல்வதுண்டு. தேயிலை சரிவரவில்லை என்பதற்காக அந்தச் சகோதரர்கள் நடுத்தெருவுக்கு வந்துவிடவில்லை. 1865இல் தோட்டத்தைச் சிலோன் கொம்பனிக்கு விற்றுவிட்டுக் கரையேறினார்கள். நான்கு ஆண்டு கழித்து, 1869இல், கோப்பி இலையில் நோய் கண்டது. 1884இல் ஓரியண்டல் வங்கியே இழுத்து மூடப்பட்டது.

இந்தப் பழங்கதையை நான் மீண்டும் புரட்டியதற்குக் காரணம் என்னிடம் படித்த இருவர். ஒருவன் எங்கள் பஸார்க் கடைக்காரர் ஒருவரின் மகன். மற்றவன் லயத்தில் பிறந்தவன். ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். இருவரும் கொழும்பில் கணினி வேலை பார்த்துவிட்டுச் சொந்தமாக ஒரு கொம்பனி தொடங்க வந்திருக்கிறார்கள். சம்பள நாள் வரை தோட்டத்து மக்களுக்குக் கடனுக்குச் சாமான் கொடுக்கும் கடைகளின் கடன் கொப்பியைக் கைத்தொலைபேசிக்கு மாற்றுவதுதான் தொழில். இந்தியாவில் 'காத்தாபுக்' என்ற கொம்பனி இதுபோன்ற வேலைக்கே பெருந்தொகை முதலீடு திரட்டியிருக்கிறது.

"சேர், பேங்கில உறுதி கேக்கிறாங்க" என்றான் கடைக்காரரின் மகன். அவனுக்கு உம்மாவின் பெயரில் வீட்டு உறுதி இருக்கிறது. லயக் காம்பராவுக்கு ஏது உறுதி? தோட்டத்துப் பையன் ஒன்றும் பேசாமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உறுதிக்கும் இந்த மலைக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமைக்குச் சான்று காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரியதென்று கொண்டது. அந்த நாட்களில் முடிக்குரிய காணி ஏக்கர் 5 ஷில்லிங்குக்கு விலைபோனது. 1844இல்தான் 20 ஷில்லிங்காக ஏற்றினார்கள். கிராமத்தவனின் கையில் கடதாசி இல்லாததே வெள்ளைக்காரத் தொழில்முனைவோரின் முதலாவது சலுகையாயிற்று. தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்த தொழிலாளியின் கதை அதைவிட மோசம். அவன் வேலை தொடங்குமுன்பே கங்காணியிடம் கடன்காரன். அந்தக் கடனை எழுதிய 'துண்டு' கையோடு வந்தது. இன்னொரு தோட்டம் அவனை எடுக்க வேண்டுமென்றால் துண்டிலுள்ள தொகையைக் கட்ட வேண்டும். 1921இல்தான் அது ஒழிந்தது. துரைக்கு வந்த பணம் விளைச்சலை எதிர்பார்த்துப் பொறுத்திருந்தது. தொழிலாளிக்கு வந்த பணம் மழையோ நோயோ பார்க்காமல் திருப்பிக் கேட்டது. ஒரே மலையில் இரண்டு வகைப் பணம்.

இன்றும் எங்கள் ஊரில் கிடைப்பது இரண்டாவது வகைதான். நகை அடகு, உறுதி அடகு, கிழமைக்குக் கிழமை தவணை கேட்டுப் படியேறும் நுண்கடன். தொடங்கியவன் தோற்றால் குடும்பமும் சேர்ந்து தோற்கும். துணிகர முதலீடு என்று சொல்லப்படுவது முதலாவது வகை. அதில் பணம் போடுபவர் கடன் கொடுப்பதில்லை, பங்கு வாங்குகிறார். பத்துக் கொம்பனியில் போட்டால் பெரும்பாலானவை போய்விடும், ஒன்றிரண்டு மற்றவற்றின் இழப்பையும் ஈடுகட்டும் என்பது அவருடைய கணக்கு. தோற்றவனுடைய வீட்டை அவர் கேட்க முடியாது.

நம்மவர்களுக்கு இது புதிதன்று. கதீஜா (ரழி) அவர்களின் பொருளை எடுத்துக்கொண்டு நபி (ஸல்) அவர்கள் ஷாம் தேசத்துக்குச் சென்ற வணிகத்தை அறியாதவர் யார்? முளாரபாவில் முதல் ஒருவருடையது, உழைப்பு மற்றவருடையது. இலாபம் பேசிக்கொண்ட விகிதப்படி. உழைத்தவனின் கவனக்குறைவோ ஒப்பந்த மீறலோ இல்லாத நட்டம் முதல் போட்டவரைச் சேரும். உழைத்தவனுக்கு அவன் உழைப்பு நட்டம். மத்ரஸாவில் ஓதியதோடு இதை மறந்துவிட்டு, 'தவணை தவறாத பார்ட்டியா?' என்று விசாரிக்கப் பழகிவிட்டோம் நாங்கள்.

பையன்கள் கொழும்பில் சில முதலீட்டாளர்களைப் போய்ப் பார்த்தார்கள். அவமதிக்கவில்லை, தேநீர் கொடுத்தார்கள். கேள்விகள்தான் கடினம். முழு நாட்டிலுமே இரண்டு கோடி சொச்சம் மக்கள். இதில் எத்தனை கடை உங்களுக்கு வரும்? சிங்களத்தில் செய்வீர்களா? சிங்கப்பூரில் ஒரு தாய்க் கொம்பனி பதிவீர்களா? கடைசிக் கேள்வியின் காரணத்தைப் பையன்கள் எனக்கு விளக்கினார்கள். வெளிநாட்டுக்காரர் டொலரில் எண்ணுகிறார், கொம்பனி ரூபாயில் சம்பாதிக்கிறது. 2022இன் தொடக்கத்தில் டொலர் ஏறக்குறைய 200 ரூபாய், மே மாதம் 360. கொம்பனியின் மதிப்பு 72 இலட்சம் என்று அப்படியே நின்றாலும், 36,000 டொலராக இருந்தது 20,000 ஆகிவிடும். கடையில் ஒரு சாமானும் குறையவில்லை, ஆனால் பணம் போட்டவருக்குப் பாதியளவு போய்விட்டது. தங்கள் நாட்டின் சட்டத்தையும் நாணயத்தையும் சார்ந்திராத இடத்தில் பங்கை வைத்திருக்க அவர்கள் விரும்புவதை நான் குறை சொல்லமாட்டேன்.

இந்நாட்டில் இது நடக்காத காரியமுமில்லை. சஞ்சீவ வீரவரண 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 கொம்பனிக்கு அமெரிக்க இன்டெலின் முதலீட்டுப் பிரிவு பணம் போட்டது. 2024இல் அதை ஐரோப்பாவின் ஈக்யூடி வாங்கியது 60 கோடி டொலருக்கு மேல் என்று செய்தி வந்தது. ஜிஃப்ரி சுல்பரின் 'பிக்மீ' 2015இல் வாடகை வண்டியோடு வந்து, 2018இல் உலக வங்கிக் குழுமத்தின் சர்வதேச நிதிக் கூட்டுத்தாபனத்திடம் முதலீடு பெற்று, 2024இல் கொழும்புப் பங்குச் சந்தையை எட்டியது. ஆனால் இவையெல்லாம் கொழும்புக் கதைகள். மலைநாட்டு லயத்திலிருந்து இப்படியொன்று புறப்பட்டதாக என் காதுக்கு இன்னும் எட்டவில்லை.

ஈற்றில் கம்பளை வியாபாரி ஒருவர் முன்வந்திருக்கிறார். 25 இலட்சம், ஐந்தில் ஒரு பங்குக்கு. ஈடு இல்லை, உம்மாவின் உறுதி அலுமாரியிலேயே இருக்கட்டும் என்று அவரே சொல்லிவிட்டார். கொழும்பிலிருந்து எடுத்துவந்த ஆங்கில ஒப்பந்த மாதிரியை அவரும் பையன்களின் பெற்றோரும் விளங்கிக்கொள்ளும்படி தமிழில் எழுதித் தரும் வேலை எனக்கு. மூன்று இரவுகள் இருந்து எழுதினேன். ஒரு வாசகத்தில் பேனா நின்றது. கொம்பனி விற்கப்பட்டால் முதலீட்டாளர் தாம் போட்ட தொகையை முதலில் எடுத்துக்கொள்வார், மிஞ்சியதே மற்றவர்களுக்கு. துணிகர முதலீட்டில் இது வழமையாம்.

கரும்பலகைக் கணக்காகப் போட்டுக் காட்டினேன். ஐந்து கோடிக்கு விலைபோனால் அவருடைய பங்கே ஒரு கோடி, தகராறில்லை. 50 இலட்சத்துக்குப் போனால் பங்குப்படி அவருக்கு 10 இலட்சம், இந்த வாசகப்படி 25. 20 இலட்சத்துக்குப் போனால் அவருக்கு 20, ஐந்து ஆண்டு உழைத்த பையன்களுக்கு வெறுங்கை. வியாபாரி கணக்கை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது கூட்டா, கடனா மாஸ்டர்?" என்று என்னையே கேட்டார். மௌலவியிடம் கேளுங்கள் என்றேன். மௌலவி இரண்டு நாள் தவணை கேட்டிருக்கிறார்.

கடைக்காரரின் மகன் அந்த வாசகம் இருந்துவிட்டுப் போகட்டும், பணம் வந்தால் போதும் என்கிறான். தோட்டத்துப் பையன்தான் விடவில்லை. "சேர், எங்க பூட்டன் காலத்திலயும் கணக்கு இப்பிடித்தானே எழுதியிருப்பாங்க" என்றான். அந்த இடத்தை மட்டும் வெறுமையாக விட்டு மற்றப் பக்கங்களைத் தட்டச்சுக்குக் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வியாபாரி கம்பளையிலிருந்து வருகிறார். பேச்சு பஸார்க் கடையின் பின்னறையில்.