சூடு தாங்கும் காகிதம்

சென்னை பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் காகிதம் வாங்க வருகிறவர்கள் தாளின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார்கள். சிலர் முகர்ந்தும் பார்ப்பதுண்டு. ஆப்செட்டில் அடிக்கிற கல்யாணப் பத்திரிகைக்கு அது போதும். மிச்சத்தை அச்சகக்காரர் பார்த்துக்கொள்வார். வீட்டு மேசையில் இருக்கும் லேசர் பிரிண்டருக்கு வாங்குகிறவர் விரலை மட்டும் நம்பக்கூடாது.

டோனர் என்பது மையே அல்ல, நிறமேற்றிய பிளாஸ்டிக் பொடி. மின்னூட்டத்தால் டிரம்மில் ஒட்டி, அங்கிருந்து தாளுக்குத் தாவுகிறது. பிறகு ஃபியூசரின் இரண்டு உருளைகளுக்கு நடுவே நசுங்கி, உருகிப் பிடித்துக்கொள்கிறது. அங்கே சூடு ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ். ஆக, நாம் வாங்கும் தாள் இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் போய் வரப்போகிற துணி மாதிரி. பார்க்க எப்படி இருக்கிறது என்பதைவிட, சூட்டில் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

இன்க்ஜெட்டுக்கான பளபள போட்டோ பேப்பரை லேசரில் விட்டால் மேல்பூச்சு இளகி உருளையில் சுற்றிக்கொள்ளும். ஃபியூசர் மாற்றுகிற செலவில் சில சமயம் புது பிரிண்டரே வாங்கிவிடலாம். இன்க்ஜெட் ஓஎச்பி ஷீட்டும் அப்படித்தான். எழுத்து மேடாக எழும்பி நிற்கும் லெட்டர்ஹெட்டும் ஆபத்து, அந்த மேடும் சூட்டில் இளகக்கூடியதே. பாதி உரித்த ஸ்டிக்கர் ஷீட்டை மறுபடி உள்ளே விடும் சிக்கனம் வேண்டாம். கசியும் பசை டிரம்மைக் கெடுத்துவிடும். வேடிக்கை என்னவென்றால், 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் லேசர் பிரிண்டருக்கு அடிப்படையான முறையில் செஸ்டர் கார்ல்சன் எடுத்த முதல் உலர் நகலே மெழுகுத்தாளில்தான். சூடு காட்டி மெழுகை இளக்கித்தான் பொடியை ஒட்டவைத்தார். இன்று எந்த பிரிண்டரும் சேர்க்காத தாள் அது.

எனக்குப் பிடித்தது சொரசொரப்பான தாள். பிரச்சினை தருவதும் அதுதான். நண்பர் ஒருவர் நூல் வெளியீட்டு அழைப்பிதழைப் புதுச்சேரிக் கையாக்கத் தாளில் அடித்துக் கொண்டுவந்தார். தூரத்தில் அழகு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ‘ழ’வின் சுழி பாதி வழியில் அறுந்திருந்தது. தாளின் மேட்டில் கருப்பு, பள்ளத்தில் வெள்ளை. நகத்தால் கீறினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பிரிண்டர் செட்டிங்கில் தாள் வகை ‘ப்ளெயின்’ என்றே இருந்தது. அதை ‘ரஃப்’ என்று மாற்றி, மெல்லிய கோடுள்ள எழுத்துருவை விட்டுத் தடித்த ஒன்றைப் போட்டோம். இயந்திரம் மெதுவாக இழுத்தது, பொடி நன்றாகப் பிடித்தது. அந்த ஒரு செட்டிங்கைத் தொடாமலேயே காகிதத்தைத் திட்டுகிறவர்கள் ஏராளம்.

கனம் இன்னொரு விஷயம். சிறிய பிரிண்டர்கள் பலவற்றின் கையேடு 163 ஜிஎஸ்எம்மோடு நிறுத்திக்கொள்ளும். 300 ஜிஎஸ்எம் அட்டையைத் திணித்தால் வளைவில் சிக்கும். கடையில் சொல்லும் ஜிஎஸ்எம் சரிதானா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஏ4 தாள் பதினாறு சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். பதினாறு தாளைச் சமையலறைத் தராசில் வைத்தால் காட்டும் கிராம் கணக்கே ஜிஎஸ்எம். 80 என்று விற்ற ரீம் 70-ஐ ஒட்டி நிற்பதைப் பார்த்த பிறகு, விலை பேசும் தோரணையே மாறிவிடும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நல்ல தாளும் சண்டித்தனம் செய்யும். ஈரம் ஏறிய தாளில் மின்னூட்டம் நிற்காது, எழுத்து வெளிறும், தாள் சுருண்டுகொண்டு வரும். ரீம் உறை ஈரம் புகாமல் இருக்கத்தான். அதைக் கிழித்தெறிந்துவிட்டு டிரேயில் வாரக்கணக்காகத் தாளை விட்டுவைக்கக்கூடாது. உறையில் அம்புக்குறி இருந்தால் முதலில் அடிக்க வேண்டிய பக்கத்தைக் காட்டுகிறது. பலரும் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள்.

மடிக்கிற அழைப்பிதழ் என்றால் மடிப்புக் கோட்டில் கருப்புப் பட்டை வரக்கூடாது. டோனர் அங்கே வெடித்து வெள்ளை தெரியும்.

நான் பெரும்பாலும் 100 ஜிஎஸ்எம் வழவழ எக்ஸிக்யூட்டிவ் பாண்டோடு நின்றுவிடுகிறேன். பூவிதழ் பதித்த தாள்தான் வேண்டும் என்று வீட்டில் அடம்பிடித்தால் ஸ்கிரீன் பிரிண்டிங்காரரிடம் அனுப்பிவிடுவேன். அவருடைய மை பள்ளத்திலும் இறங்கும்.