பாறைக்கு வயது சொன்ன மாணவர்

பூமிக்கு என்ன வயது? 2 கோடியிலிருந்து 4 கோடி ஆண்டுகளுக்குள் என்றார் கெல்வின் பிரபு. உருகிக் கிடந்த பூமி ஆற எவ்வளவு காலம் ஆகும் என்று அவர் போட்ட கணக்கு அது. பாறை அடுக்குகளை ஆராய்ந்தவர்களுக்கு அது போதாது என்று பட்டது. ஆனால் மறுக்க அவர்களிடம் எண் இல்லை.

1911-ல் அந்த எண்ணைத் தந்தவர் ஆர்தர் ஹோம்ஸ். லண்டனில் படித்தவர், வயது 21! யுரேனியம் சீரான வேகத்தில் சிதைந்து ஈயமாகிறது. பாறையில் இரண்டும் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால் வயது தெரிந்துவிடும் அல்லவா? நார்வே பாறைக்கு 37 கோடி ஆண்டுகள் வந்தது. இலங்கைக் கனிமத்துக்குச் சுமார் 160 கோடி!

ஐசோடோப்புகள் பற்றி அப்போது தெரியாததால் எண்களில் பிழை உண்டு. வழி சரிதான். 1956-ல் கிளேர் பேட்டர்சன் விண்கற்களின் ஈயத்தை அளந்து 455 கோடி ஆண்டுகள் என்றார். அதையும் பார்த்துவிட்டுத்தான் ஹோம்ஸ் 1965-ல் மறைந்தார்.